பத்து மாச அட்வான்ஸும் அக்காவின் வளையலும்

அரண்மனையே கலெக்டர் ஆபீஸாக மாறிவிட்ட ஊர் எங்கள் புதுக்கோட்டை. அதனாலோ என்னவோ, எங்க பக்கத்துப் பசங்களுக்கு சென்னையில் வேலை கிடைத்ததுமே அரண்மனை மாதிரி வீட்டில் குடியிருக்க ஆசை வந்துவிடுகிறது!

திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூட்டைப்பூச்சியோடு குடித்தனம் நடத்தியதெல்லாம் எங்க காலம். அறந்தாங்கியிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருக்கும் என் அக்கா பையன் ஒரு நாள் போன் பண்ணினான்.

"மாமா, நாலு பேரா சேர்ந்து ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கோம். நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்கு. ஆளுக்கு இருபதாயிரம்தான். பெரியவங்க யாராவது வந்து பேசினாத்தான் பேச்சுலர்ஸுக்குக் கொடுப்பாங்களாம்!"

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பெயரில் உள்ள ஏரியா. அவரோ கானாடுகாத்தான்காரர்; எங்க திருமயத்தைத் தாண்டினால் அவர் ஊர். நம்ம பக்கத்து ஆள் பேர் வைத்த இடமாச்சே என்று உரிமையோடு கிளம்பினேன்.

வீடு பிரமாதம்தான். "1,600 சதுர அடி சார்" என்றார் புரோக்கர். தரையில் ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ். சும்மா நிற்பானேன் என்று ரூம் ரூமாக எண்ணிப் பார்த்தேன். 290 டைல்ஸ். அதாவது, 1,160 சதுர அடி.

"மீதி எங்கே சார்?"

"லிஃப்ட், மாடிப்படி, வராண்டா, கிளப் ஹவுஸ்ல உங்க பங்கு... எல்லாம் சேர்த்துத்தான் சார் சூப்பர் பில்ட்-அப்!"

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீடு விற்கிற பில்டர் உள் அளவைத்தான் சொல்ல வேண்டும். வாடகைக்குப் போகிறவர்கள் டைல்ஸ்தான் எண்ண வேண்டும்!

அடுத்து வந்தது இடி. வாடகை 80,000. மெயின்டனன்ஸ் 8,000 தனி. அட்வான்ஸ் பத்து மாசம். ஆக, எட்டு லட்சம்!

"உன் பங்கு ரெண்டு லட்சத்துக்கு எங்கேடா போவே?"

"அம்மா வளையலை வெச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கு மாமா..."

2018-ல் கஜா புயல் அடித்துத் தென்னந்தோப்பே சாய்ந்து கிடந்தபோதுகூட அடகுக்கடை போகாத வளையல் அது.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால், ரெண்டு லட்சத்துக்கு மாசம் 2,000. மெயின்டனன்ஸில் பங்கு 2,000. ஆக, 'ஆளுக்கு இருபதாயிரம்' என்பது உண்மையில் 24,000. பையனுக்குக் கையை விட்டுப் போகிற வட்டி, வீட்டுக்காரருக்குக் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் வாடகை!

தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை' என்று ஒரு வாலும் உண்டு. எனவே, பத்து மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசிப் பிரயோஜனமில்லை. பேச வேண்டியதை முன்னாலேயே பேச வேண்டும்.

பேசினேன். "மூணு மாசமா? இந்த ஏரியா வழக்கம் தெரியாதா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர். "சட்டம் பேசினா வீடு கிடைக்காது சார்" என்று லிஃப்டில் அறிவுரை சொன்னார் புரோக்கர்.

அலைந்தால் கிடைக்கிறது. கிடைத்தால் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது. இரண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்குவது. மூன்று, குடிபோகும் அன்றே சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைப்பது.

பசங்க இப்போது மடிப்பாக்கத்தில் இருக்கிறார்கள். மூணு மாச அட்வான்ஸ். வளையல் அக்கா கையில். நீச்சல் குளம்தான் இல்லை. "கவலைப்படாதீங்க தம்பி, நல்லா ஒரு மழை பெய்யட்டும்... தெருவுக்கே வந்துடும்!" என்று சொல்லியிருக்கிறாராம் பக்கத்து வீட்டுக்காரர்.