செயற்கூறு பிரித்தெடுப்பு

செயற்கூறு பிரித்தெடுப்பு என்பது, நீண்ட செயற்கூறு ஒன்றின் பகுதியைத் தனியே எடுத்து, அதன் நோக்கத்தைக் கூறும் பெயருடன் புதிய செயற்கூறாக அமைக்கும் மென்பொருள் மறுசீரமைப்பு நுட்பமாகும். நிரல்மொழிக்கு ஏற்ப மெத்தட், ஃபங்சன் எனப் பலவாறு அழைக்கப்படுவனவற்றைச் செயற்கூறு என்னும் சொல் இங்கு பொதுவாகக் குறிக்கின்றது. மறுசீரமைப்பில் நிரலின் உள்ளமைப்பு மட்டுமே மாறும். வெளியிலிருந்து காணத்தக்க செயற்பாடு மாறுவதில்லை.

வரலாறு

வில்லியம் ஒப்டைக் 1992 இல் இலினொய் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, மறுசீரமைப்பை முறையாக ஆராய்ந்த தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்றாகும். மார்ட்டின் ஃபௌலர் 1999 இல் வெளியிட்ட "ரீஃபாக்டரிங்" என்னும் நூல் இத்தகைய நுட்பங்களைப் பரவலாக்கியது. சீர்கேட்டின் அறிகுறிகளை "நிரல் நாற்றங்கள்" எனப் பட்டியலிட்ட அந்நூல், நீண்ட செயற்கூற்றையும் அவற்றுள் சேர்த்தது.

தேவை

நீண்ட செயற்கூறு தன்னளவில் பிழையானது அன்று. எனினும், மேலே மதிப்புப் பெற்ற ஒரு மாறி நூறு வரிகளுக்குக் கீழே பயன்படுமாயின், இடையிலுள்ள எந்த வரியேனும் அதனை மாற்றியதா என்பதை வாசிப்பவர் சரிபார்க்க வேண்டியுள்ளது. இதில் தவறும்போது புதிய வழுக்கள் தோன்றுகின்றன.

ஒரு செயற்கூறு எத்தனை வரிகள் கொண்டிருக்கலாம் என்பதற்கு உறுதியான வரம்பு இல்லை. சில வரிகள் என்ன செய்கின்றன என்பதை விளக்கக் குறிப்புரை தேவைப்படுமாயின், அவ்வரிகள் பிரித்தெடுக்கத் தக்கவை எனலாம்.

எடுத்துக்காட்டு

நூலகமொன்றின் பற்றுச்சீட்டை அச்சிடும் நிரல் கீழே போலிக்குறிமுறையில் தரப்பட்டுள்ளது.

செயற்கூறு பற்றுச்சீட்டு(உறுப்பினர், இன்று)
  // தாமதக் கட்டணத்தைக் கணக்கிடல்
  கட்டணம் = 0
  உறுப்பினர்.நூல்கள் ஒவ்வொன்றுக்கும்
    நாட்கள் = இன்று - நூல்.கெடுநாள்
    நாட்கள் > 0 எனில்
      கட்டணம் = கட்டணம் + நாட்கள் * 2
  // அச்சிடல்
  அச்சிடு(உறுப்பினர்.பெயர், கட்டணம்)

பிரித்தெடுத்த பின்னர் இது பின்வருமாறு அமையும்.

செயற்கூறு பற்றுச்சீட்டு(உறுப்பினர், இன்று)
  கட்டணம் = தாமதக்கட்டணம்(உறுப்பினர்.நூல்கள், இன்று)
  அச்சிடு(உறுப்பினர்.பெயர், கட்டணம்)

கணக்கிடும் வரிகள் 'தாமதக்கட்டணம்' என்னும் புதிய செயற்கூற்றுக்குள் செல்கின்றன. அது கட்டணத்தைத் திருப்பித் தருகின்றது. குறிப்புரை கூறியதைப் பெயரே கூறுவதால் குறிப்புரை தேவையற்றுப் போகின்றது. மேலும், எதனையும் அச்சிடாமலே கணக்கீட்டை மட்டும் சோதிக்கவும், பிற இடங்களில் பயன்படுத்தவும் இயல்கின்றது.

மாறிகளைக் கையாளுதல்

இந்நுட்பத்தின் கடினமான பகுதி, உள்ளக மாறிகளைக் கையாளுவதாகும்.

* பிரிக்கப்படும் பகுதி ஒரு மாறியை வாசிக்க மட்டும் செய்தால், அதனை அளபுருவாக அனுப்பலாம்.
* ஒரு மாறியின் மதிப்பை மாற்றி, அம்மதிப்பு பின்னரும் தேவைப்பட்டால், அதனைத் திருப்பித் தரலாம்.
* பல மாறிகள் மாற்றப்பட்டால், முதலில் அப்பகுதியையே மேலும் சிறியனவாகப் பிரிக்க வேண்டும். இயலாதவிடத்து, முழுச் செயற்கூற்றையும் தனி வகுப்பாக்கி, மாறிகளை அதன் புலங்களாக்கலாம்.
* பகுதியின் நடுவே செயற்கூற்றை விட்டு வெளியேறும் கட்டளை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பிரித்தெடுத்த பின் அது புதிய செயற்கூற்றை விட்டு மட்டுமே வெளியேறும். அழைத்த செயற்கூறு தொடர்ந்து இயங்கும்.

ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பின்னரும் சோதனைகளை இயக்குதல் நன்று. எக்லிப்ஸ், இன்டெலிஜே ஐடியா, விசுவல் ஸ்டூடியோ முதலிய விருத்திச் சூழல்கள் பிரித்தெடுப்பைத் தாமாகவே செய்து தருகின்றன. ஆயினும், பெயர் நோக்கத்தை உணர்த்துகின்றதா என்பதை நிரலாளரே தீர்மானிக்க வேண்டும்.

விமர்சனங்கள்

அளவுக்கு மீறிப் பிரித்தால், வாசிப்பவர் ஒரு செயலைப் புரிந்துகொள்ளப் பல இடங்களுக்குத் தாவ நேரிடும். ஜான் ஊஸ்டர்ஹவுட் 2018 இல் வெளியிட்ட மென்பொருள் வடிவமைப்பு நூலில், நீளத்தை மட்டுமே காரணமாகக் கொண்டு செயற்கூறுகளைப் பிரிப்பதை ஏற்கவில்லை. உள்ளிருக்கும் வரிகளைவிடப் பெயர் அதிகமாக எதனையும் தெரிவிக்காதபோது, செயற்கூற்றை மீண்டும் அழைத்த இடத்திலேயே சேர்த்துவிடலாம். இதுவும் ஒரு மறுசீரமைப்பு நுட்பமே ஆகும்.