சந்திக் கடையின் கடன் கொப்பி

நமது ஊர்களில் பல வீடுகளின் மாதக் கணக்கு வங்கியில் இல்லை. சந்திக் கடையில்தான் இருக்கிறது. எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று. மேலட்டையில் வீட்டுக்காரரின் பெயர் இருக்கும். சில கடைகளில் பெயர்கூட இருக்காது. 'பள்ளிக்குப் பின்னால் உள்ள தாத்தா' என்று ஓர் அடையாளம் மாத்திரம் இருக்கும். உள்ளே சீனி, பருப்பு, தேயிலை, சவர்க்காரம், பால்மா. பிள்ளையை அனுப்பினால் சாமான் வரும். பணம் சம்பளத்தன்று போகும். வாப்பா வெளிநாட்டில் என்றால் அவர் அனுப்பும் நாளில் போகும். இந்தக் கொப்பியை எழுதுபவர் கடைக்காரர். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு வரியும் எதற்காக விழுந்தது என்று தெரிந்தவர் வீட்டுப் பெண்தான். அதனால்தான் இதைச் சகோதரிகளுக்கு எழுதுகிறேன். ஆண்களுக்குச் சொல்ல வெள்ளிக்கிழமை மிம்பர் இருக்கிறது.

விலை ஏறும்போதெல்லாம் நம் வாயில் முதலில் அகப்படுபவர் இந்தக் கடைக்காரர். "நானா நல்லா உழைக்கிறார்" என்போம். "நேற்று எடுத்த சாமானுக்கு இன்றைய விலை போடுகிறார்" என்போம். கப்பலில் சாமான் இறக்குபவரை நாம் கண்டதில்லை. புறக்கோட்டையின் மொத்த வியாபாரியையும் கண்டதில்லை. கண்ணுக்குத் தெரிபவர் இவர் ஒருவர்தான். ஆகவே ஏச்சும் இவருக்கே.

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுக்கு மாத்திரம் எடுத்தால் 94.9 வீதம். முந்திய ஆண்டு அதே மாதத்தில் 1000 ரூபாவுக்கு நிரம்பிய கூடைக்கு இப்போது ஏறக்குறைய 1950 ரூபா வேண்டியிருந்தது. அந்தக் கூடையை நிரப்ப நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். கடையின் இறாக்கையை நிரப்ப அவர் பட்ட பாட்டை நாம் எண்ணிப் பார்த்தோமா?

ஒரு கணக்குப் போடுவோம். 2021 ஒக்டோபர் வரை 400 கிராம் பால்மா பக்கற் 380 ரூபா. விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 480 ஆனது. ஆண்டு முடியும்போது 540. 2022 மார்ச் நடுப்பகுதியில் ஒரே பாய்ச்சலில் 790. இப்போது ஒரு கடைக்காரர் பெப்ரவரி கடைசியில் பத்து வீடுகளுக்குப் பத்துப் பக்கற் கொப்பியில் எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5400 ரூபா. மார்ச் கடைசியில் பத்து வீட்டாரும் ஒரு சதம் குறையாமல் கொடுத்துவிட்டார்கள். அவருடைய சின்ன இலாபத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவோம். அந்த 5400 ரூபாவைக் கொண்டு அவர் எத்தனை பக்கற் எடுக்கலாம்? ஆறு. மிச்சம் 660 ரூபா. அது ஏழாவது பக்கற்றுக்குப் போதாது. பத்துப் பக்கற் போன கடையில் ஆறு பக்கற் திரும்பி நிற்கிறது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரும் கொடுத்தும்விட்டார்கள். ஆனாலும் முதல் கரைந்துவிட்டது.

இது ஒரு மாதம் பொறுத்த கணக்கு. மூன்று மாதம் இழுத்த வீடுகளின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கரைந்த முதலை நிரப்ப வேறு வழி கடன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதன் பின் வங்கிக் கடன் என்பது சிறு வியாபாரி நினைத்துப் பார்க்கக்கூடியதாக இருக்கவில்லை. வட்டிக்கு அஞ்சும் நம்மவர் வங்கிப் பக்கம் போகாவிட்டால் மனைவியின் கழுத்தைத்தான் பார்க்கிறார். அடகுக்குப் போன நகைக்கும் வட்டி ஓடுகிறது என்பது வேறு துக்கம். நாம் நோன்புப் பெருநாளைக்குக் கட்டலாம் என்று தள்ளிவைத்த கொப்பிக் கணக்கு, இன்னொரு பெண்ணின் காப்பை அடகு வைத்திருக்கலாம்.

கூட்டிக் கேட்க முடியாதவர்

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விடயம் விளங்காது. கடன் எத்தனை ரூபாவோ அத்தனை ரூபாவைத்தான் திருப்பிக் கேட்கலாம். பணத்தின் பெறுமதி விழுந்துவிட்டது என்று கூட்டிக் கேட்டால் அது வட்டியின் வாசலில் கொண்டுபோய் விடும். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமியும் இப்படித்தான் தீர்மானித்தது: நாணயக் கடன் அதே தொகையால் அடைக்கப்பட வேண்டும், விலைவாசியோடு அதை ஏற்றக் கூடாது.

இந்தச் சட்டம் யாரைக் காக்கிறது? கடன் வாங்கிய நம்மை. 540 என்று எழுதிய கடைக்காரர் 790 என்று திருத்த முடியாது. விலையேற்றத்தின் முழு அடியையும் அவரே தாங்கிக்கொள்கிறார். ஆகவேதான் மறுபக்கத்தில், கையில் வசதி இருந்தும் இழுத்தடிப்பவரின் செயலை நபி (ஸல்) அவர்கள் அநியாயம் என்ற கடும் சொல்லால் குறிப்பிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. பணத்தின் பெறுமதி அசையாமல் நிற்கும் காலத்தில் தாமதம் ஒரு தொல்லை. அது நாளுக்கு நாள் விழும் காலத்தில் அடுத்தவர் பொருளில் நாம் தின்னும் பங்கு.

உண்மையில் முடியாதவருக்கு அவகாசம் கொடுக்கும்படி குர்ஆனே (2:280) சொல்கிறது. 2022இல் எத்தனையோ சந்திக் கடைக்காரர்கள் அந்த அவகாசத்தைக் கொடுத்தார்கள். கேஸ் வரிசையில் நின்று தொழிலை இழந்த குடும்பங்கள் அவர்களுடைய அரிசியால் உலை வைத்தன. அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. கல்யாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டுக் கொப்பியை அடுத்த மாதம் பார்ப்போம் என்கிற வீடுகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பழைய சாமான், புதிய விலை

இனி நம் சகோதரிகளின் பெரிய முறைப்பாட்டுக்கு வருவோம். பழைய விலைக்கு எடுத்ததைப் புதிய விலைக்கு விற்கலாமா? பதுக்கல் வேறு, இது வேறு. மக்களுக்குத் தேவையான உணவைச் சந்தையில் கிடைக்காமல் பூட்டிவைத்து, விலை ஏறும்வரை காத்திருப்பது பதுக்கல். அதைச் செய்பவர் பாவி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கடையைத் திறந்துவைத்து, கேட்டவருக்கெல்லாம் நிறுத்துக் கொடுத்து, தீர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டிய விலையைப் பார்த்து விற்பவர் பதுக்கல்காரர் அல்லர். அவரிடம் இருப்பது மூன்று மூட்டை.

அதிலும் எல்லாப் பொருளுக்கும் அவர் நினைத்த விலையைப் போட முடியாது. 2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசிக்கு உச்ச விலை விதித்தபோது, உள்நாட்டு நாட்டரிசி மொத்த விலை கிலோ 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. இடையில் இருப்பது ஐந்து ரூபா. லொறிக் கூலி, பை, லைட் பில், சிந்தியது, எலி கடித்தது எல்லாம் அந்த ஐந்துக்குள்தான். உச்ச விலைக்கு மேல் விற்றால், 2021இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி தனி வியாபாரிக்குத் தண்டம் ஆகக் குறைந்தது ஓர் இலட்சம் ரூபா. கிலோவுக்கு ஐந்து ரூபா வீதம் ஓர் இலட்சம் சேர்க்க 20,000 கிலோ அரிசி விற்க வேண்டும். பாவனையாளரைக் காக்கும் சட்டம் தேவைதான். ஆனால் மில்லிலிருந்து வரும்போதே விலை கூடி வந்தால், அரிசியை எடுக்காமல் விட்டுவிடுவதைத் தவிர சின்னக் கடைக்காரருக்கு வழியில்லை. அரிசி இல்லை என்று அவர் சொன்னால் நாம் உடனே ஒளித்து வைத்திருக்கிறார் என்கிறோம்.

மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி நபியவர்களிடம் கேட்கப்பட்டது; அவர்கள் மறுத்தார்கள். எவருடைய பொருளிலும் அநியாயம் செய்தவனாக அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணத்தின் கருத்து. அபூதாவூத், திர்மிதி ஆகியோர் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் அநியாயம் நேரலாம் என்பதை அங்கே காண்கிறோம்.

விலை இறங்கும்போது கதை தலைகீழ். 2023 ஏப்ரலில் லிட்ரோவின் 12.5 கிலோ சிலிண்டர் ஒரே நாளில் 1005 ரூபாவால் குறைந்து கொழும்பில் 3738 ரூபாவானது. நமக்குச் சந்தோஷம். முதல் நாள் பழைய விலைக்குச் சிலிண்டர் எடுத்து அடுக்கி வைத்தவருக்கு? அன்றைக்குப் பழைய சாமானுக்குப் புதிய விலை போடும்படி கேட்டவர்கள் நாம்தான்.

சுப்பர் மார்க்கட்டில் நாம் இப்படிப் பேசுவதில்லை. குளிரூட்டிய கூடத்தில் தள்ளுவண்டியைத் தள்ளிப்போய், கம்பியூட்டர் காட்டும் தொகையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். கொப்பியும் இல்லை, "பிறகு தாறேன்" என்பதும் இல்லை. கையில் காசு இருக்கும்போது அங்கே. இல்லாதபோது சந்திக் கடைக்கு.

வைத்தியர் விடயத்திலும் இதே புத்தியைக் காண்கிறேன். போதனா வைத்தியசாலையில் பேராசிரியர் மாணவர்கள் சூழ வந்து கட்டிலருகே அரைமணி நேரம் நின்று நோயை ஆராய்ந்தால், "எங்கட உம்மாவை வைத்துப் படிக்கிறார்கள்" என்று முறைப்படுகிறோம். அதே பேராசிரியரை இரவு செனலிங்கில் ஐந்து நிமிடம் காண, கேட்ட கட்டணத்தைக் கட்டி, இலக்கம் வாங்கி, பதினொரு மணிவரை வாங்கில் உட்கார்ந்திருக்கிறோம். மாணவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதால் அந்த நோய் இரண்டு தடவை ஆராயப்படுகிறது என்பது நமக்குப் படுவதில்லை. இலவசமாகத் தருபவரையும் தவணைக்குத் தருபவரையும் சந்தேகிப்போம். ரொக்கமாக வாங்குபவரிடம் பணிந்து நிற்போம்.

வீட்டுக்குள் இருந்தே வியாபாரம் செய்யும் பெண்களின் பாடு இன்னும் மோசம். காலையில் இடியப்பம் அவிப்பவர், வட்டிலப்பம் செய்து கொடுப்பவர், அபாயா தைப்பவர். இவர்களுக்கு விலைப் பலகை இல்லை, ரசீதுப் புத்தகம் இல்லை. 2021 செப்டம்பரில் கொழும்பில் 1493 ரூபாவாக இருந்த சிலிண்டர் ஒக்டோபரில் 2675 ஆகி, 2022 ஏப்ரலில் 4860 ஆனது. ஏழு மாதத்தில் மும்மடங்குக்கு மேல். அந்த அடுப்பில் அவிந்த இடியப்பத்துக்கு ஒரு ரூபா கூட்டியபோது, "நீங்களுமா தாத்தா?" என்று கேட்கப்பட்டது. பழகியவர் என்பதால் குறைத்துக் கேட்கிறோம். பழகியவர் என்பதால் பிறகு தருகிறோம். தையல் கூலியைப் பெருநாள் கழிந்து கொடுக்கும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை. உடுப்பு பெருநாளன்றே உடுத்தாயிற்று.

ஆகக்கூடிய வழிகள் மார்க்கத்தில் இல்லாமல் இல்லை. தவணைக்கு விற்கும்போது ரொக்க விலையை விடச் சற்றுக் கூட்டி விலை பேசலாம் என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஆனால் அது சாமான் கைமாறும்போதே ஒரே விலையாக முடிவாக வேண்டும், பிந்தினால் பின்னர் ஏற்றக் கூடாது. இதைக் கடைக்காரர்கள் அறிந்திருப்பது நல்லது. நிபந்தனையும் வாக்குறுதியும் இல்லாமல், அடைக்கும்போது கடன்பட்டவர் தானாகக் கூட்டிக் கொடுத்தால் அது வட்டியல்ல. ஜாபிர் (ரலி) அவர்களுக்குரிய கடனை அடைத்தபோது நபியவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள். 4740 ரூபாக் கணக்குக்கு 5000 ரூபாத் தாளைக் கொடுத்து, "மிச்சம் இருக்கட்டும் நானா" என்று சொல்ல எல்லா மாதமும் முடியாது. விலை ஏறிய மாதத்தில் ஒரு தடவை முடியும். முழுக் கணக்கும் அடைக்க இயலாதபோது பாதியையாவது கொடுத்துத் திகதி போட்டுக்கொள்ளலாம். அவருடைய கொப்பி போலவே வீட்டிலும் ஒன்று இருக்கட்டும். அல்பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான்.

உம்ராவுக்குப் போகுமுன் வீடு வீடாக மாப்புக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடைக்கும் போவோம். நாலு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, "ஏதும் குறை இருந்தால் மாப்புத் தாங்க நானா" என்போம். கொப்பியில் ஆறாயிரம் நிற்கிறது. அந்த மனிதர் என்ன சொல்வார்? தலையாட்டுவார். சபையின் வெட்கத்தால் ஆட்டிய தலை, பொருளை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

ஜனாஸாவிலும் இப்படித்தான். தொழுகைக்கு முன் மையித்தின் மகனோ சகோதரனோ எழுந்து, யாருக்கேனும் கடன் இருந்தால் தங்களிடம் கேட்கும்படி சொல்வார்கள். பின் ஸப்பில் கடைக்காரர் நிற்பார். அந்த இடத்தில் அவர் வாய் திறப்பதில்லை. இத்தாவில் இருக்கும் வீட்டுக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருவதுமில்லை. ஆனால் வாரிசுப் பங்கு பிரிக்குமுன் கடன் அடைக்கப்பட வேண்டும் என்பது அன்னிஸாவின் சட்டம். எவ்வளவு என்று மகனுக்குத் தெரியாது, சகோதரனுக்கும் தெரியாது. பிள்ளையிடம் சாமான் துண்டு எழுதிக் கொடுத்தனுப்பிய மனைவிக்குத்தான் தெரியும். இத்தாவில் இருந்தபடியே அவர் மகனைக் கூப்பிட்டுத் தொகையைச் சொல்லி அனுப்பலாம்.