சொகுசுக் கப்பல்: சிறியதா, பெரிய கப்பலில் சூட் அறையா?

சொகுசுக் கப்பலில் செல்ல இரு வழிகள் உண்டு: சிலரே பயணிக்கும் சிறிய கப்பல், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணிக்கும் பெரிய கப்பலில் சூட் எனப்படும் வசதி மிகுந்த அறை. இந்தியாவில் இரண்டுக்கும் எடுத்துக்காட்டுகள் உள்ளன.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலில் 11 தளங்களும் ஏறத்தாழ 800 அறைகளும் உள்ளன. சூட் எடுப்பவருக்கு அறைதான் விசாலமாகும். நீச்சல் குளத்தையும் அரங்கையும் மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் தொடங்கிவைக்கப்பட்ட ஆற்றுக் கப்பல் கங்கா விலாசில் 18 சூட் அறைகளும் 36 பயணிகளுக்கான இடமும் மட்டுமே உள்ளன. நீரில் சுமார் 1.4 மீட்டரே அமிழ்வதால், ஆழம் குறைந்த ஆற்றிலும் செல்லும்.

கேளிக்கை விரும்பும் குடும்பத்திற்குப் பெரிய கப்பல் ஏற்றது. கூட்டமின்மையை விரும்புவோர், சூட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிடச் சிறிய கப்பலைத் தேர்வதே பொருத்தம்.