குட்டிப் பிள்ளையோடு நைட் மேட்ச் பார்க்கப் போறீங்களா? கோவை பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

“ஏனுங் மாப்ளை, நாலு வயசுக் கொழந்தைய ராத்திரி மேட்சுக்கா கூட்டிட்டுப் போறீங்க? காத்து அடிக்காதுங்ளா?”

டிக்கெட்டைக் காட்டியதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி இது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால், எனக்கும் ஒரு காரணம் இருந்தது. வாரத்தில் பாதி நாள் நான் வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். ஒரு நாளாவது ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் கண்ணை விழிச்சிட்டு என் பக்கத்தில் இருக்கட்டுமே என்று தோன்றியது.

போனோம். முதல் தடவை சொதப்பியது. இரண்டாம் தடவை நல்லா இருந்தது. வித்தியாசம் எங்கே என்று யோசித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை.

கோவையில் எங்கே, எப்போது?

2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டிகள் அண்மை ஆண்டுகளில் கோவைக்கும் வருகின்றன. நவ இந்தியா பகுதியில் உள்ள ஸ்ரீ ராமகிருஷ்ணா கல்லூரி மைதானம்தான் களம். 2022 இறுதிப்போட்டி இங்கேதான் நடந்தது. மழை குறுக்கிட, லைகா கோவை கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டு கோவை தனியாகவே கோப்பையைத் தூக்கியது. 2025-ல் திருப்பூர் அணி சாம்பியன். ஆக, நம்ம கொங்கு மண்டலத்தில் இந்த ஆட்டத்துக்கு ஆர்வம் குறைவில்லை.

சிக்கல் நேரத்தில்தான். இரவு ஆட்டங்கள் பெரும்பாலும் 7.15 மணிக்குத் தொடங்கும். முடிய பத்தரை மணியைத் தாண்டும். கூட்டத்தைக் கடந்து வண்டியை எடுத்து, வீட்டுக்கு வந்து படுக்க வைக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும்.

தூக்கக் கணக்கு என்ன?

3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. பதினொன்றரைக்குத் தூங்கிய குழந்தையை ஸ்கூலுக்காக ஏழு மணிக்கு எழுப்பினால் கிடைப்பது ஏழரை மணி நேரம்தான். டி.என்.பி.எல். நடப்பது ஜூன், ஜூலை மாதங்களில். அதாவது பள்ளி திறந்த நேரம்.

அதனால், மறுநாள் லீவாக இருக்கும் ஆட்டத்தையே தேர்ந்தெடுங்க. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தால், மதியம் 3.15 மணி ஆட்டம் இன்னும் நல்லது. இரவு ஆட்டம்தான் என்றால், மதியம் நன்றாகத் தூங்க வைத்துவிட்டுக் கிளம்புங்க.

நீளமான ஆட்டம் குழந்தைகளுக்கு ஒத்துவராது என்பது உலகம் முழுக்க உள்ள பிரச்னைதான். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆட்டங்கள் சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தன. 2023-ல் பந்து வீசுவதற்கு நேரக்கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, அது சுமார் 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது.

எங்கே உட்காருவது?

நாங்கள் முதல் தடவை செய்த தப்பு இதுதான். எல்லைக்கோட்டுக்குப் பக்கம் இருந்தால் நல்லா தெரியும் என்று போய் உட்கார்ந்தோம். பின்னால் பெரிய ஸ்பீக்கர். முதல் விக்கெட் விழுந்ததும் அது அலறிய அலறலில் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஐந்தாவது ஓவரில் வெளியே வந்துவிட்டோம்.

பணியிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தை ஒரு பெரியவர் நாளுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்தான். குழந்தைக் காது இன்னும் மென்மையானது. ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்காருங்க. குழந்தைகளுக்கான காது மஃப் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கோங்க.

பந்தும் கவனம். கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். சிக்ஸர் நேராகக் கூட்டத்துக்குள் வந்து விழும். 2017-ல் நியூயார்க்கின் யாங்கீ மைதானத்தில் ஒரு சிறுமி முகத்தில் பேஸ்பால் பந்து பட்டுப் படுகாயம் அடைந்தாள். அதன் பிறகே அங்கு எல்லா அணிகளும் பாதுகாப்பு வலையை நீட்டித்தன. கிரிக்கெட் பார்வையாளருக்கு முன்னால் பொதுவாக அப்படி வலை கிடையாது. மேல் வரிசையில் உட்காருங்க. பந்து வீசும்போது போனைப் பார்க்காதீங்க.

பையில் என்ன இருக்கணும்?

மாமியார் சொன்ன காற்று நிஜம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று, இந்த மாதங்களில் சாயங்காலமே சிலுசிலுக்கும். திடீர்ச் சாரலும் உண்டு. ஸ்வெட்டர், குல்லா, மாற்றுத் துணி அவசியம். தண்ணீர், சாப்பாடு உள்ளே விடுவார்களா, எந்த வயது வரை டிக்கெட் வேண்டாம் என்பதை டிக்கெட் விதிமுறையில் முதலிலேயே பாருங்க. எப்படியும் வீட்டிலேயே இட்லி ஊட்டிவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

முக்கியமான விஷயம்: குழந்தையின் கையில் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதுங்க. உள்ளே போகும் முன் ஒரு போட்டோ எடுங்க. தொலைந்துவிட்டால் என்ன உடுப்பு என்று சொல்லத் தடுமாற வேண்டியிருக்காது. உள்ளே நிற்கும் போலீஸ்காரரைக் காட்டி, “அப்பாவைக் காணோம்னா இவங்ககிட்டச் சொல்லு கண்ணு” என்று சொல்லிக் கொடுங்க. அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098.

எப்போ கிளம்புவது?

முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் கிளம்பிவிடுவோம் என்று வீட்டிலேயே முடிவு பண்ணுங்க. ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடலாம். வண்டி எடுக்கவும் நெரிசல் இருக்காது.

இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தோம். பார்க்கிங்குக்கு நடக்கும்போது மைதானத்திலிருந்து பெரிய இரைச்சல் கேட்டது. யாரோ அவுட் போல. எனக்குத் திரும்பிப் போகணும் போல இருந்தது. தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். யார் ஜெயித்தார்கள் என்பதை வீட்டுக்கு வந்து போனில்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை அவள் ஸ்கோர் எதுவும் கேட்கவில்லை. “அப்பா, அந்தப் பெரிய லைட்டுக்கு மறுபடி எப்போ போலாம்?” என்று மட்டும் கேட்டாள்.