மின்னலே விழல, ஆனா ரிசீவர் காலி!

மின்னல் விழுந்து ரேடியோ செட் எரிஞ்சுதுன்னா காரணம் எல்லாருக்கும் புரியும். வானம் வெளுத்துக் கிடக்கும்போது ரிசீவர் திடீர்னு செவிடாகிப் போனா? ஹாம் ரேடியோவுக்குப் புதுசா வர்ற ஜூனியர்கள் செட்டைப் பிரிச்சுக் கோளாறைத் தேடுவாங்க. கோளாறு வந்த வழி பெரும்பாலும் மொட்டைமாடிக் கம்பிதான்.

40 மீட்டர் பேண்டுக்குக் கட்டுற டைபோல் சுமார் 20 மீட்டர் நீளம். ரெண்டு முனையிலும் இன்சுலேட்டர். கேபிளோட நடுக்கம்பி எங்கேயும் தரையைத் தொடாது. அதாவது ஆன்டெனா ஒரு கெப்பாசிட்டரோட ஒரு தகடு, பூமி இன்னொரு தகடு. தெளிவான நாள்லயே தரைக்கு மேல மீட்டருக்கு ஏறக்குறைய 100 வோல்ட் மின்புலம் இருக்கு. இடிமேகம் தலைக்கு மேல வந்தா அது பல ஆயிரம் வோல்ட்டாகும். இது போக, பறக்கிற மணலும் மழைத்துளியும் கம்பியில மோதி, தங்ககிட்ட இருக்கிற சார்ஜை அதுல இறக்கிட்டுப் போகும்.

பரங்கிப்பேட்டை மாதிரி கடலோர ஊர்ல இதுக்கு ரெண்டு சீசன். கோடையில மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும்போது, கடல் காத்து உள்ள வர்ற வரைக்கும் சூடா, காய்ஞ்சு வீசும். கம்பியில ஏறின சார்ஜ் கசிய வழியே இருக்காது. ராத்திரி ஈரம் ஏறினா, இன்சுலேட்டர் மேல படிஞ்ச உப்பு வழியா தானே கொஞ்சம் வடிஞ்சிடும். (உப்பு நமக்குச் செய்யற ஒரே உதவி இதுதான்.) ரெண்டாவது சீசன் ஐப்பசி, கார்த்திகை. அதைப் பத்தி சொல்லவே வேண்டாம்.

எவ்வளவு சார்ஜ்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்ஜி-58 கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 20 மீட்டர் கேபிள்னா 2000 பிகோஃபாரட். அதுல 3000 வோல்ட் ஏறிச்சுன்னா, அரை சி வி ஸ்கொயர் ஃபார்முலாப்படி 9 மில்லிஜூல். 'பூ, இவ்வளவுதானா'ன்னு தோணும். ஆனா ஐ.சி.க்களைச் சோதிக்க மனுஷ உடம்பை 100 பிகோஃபாரட்னு வெச்சுக்குவாங்க. 2000 வோல்ட்ல அது வெறும் 0.2 மில்லிஜூல். அதையே தாங்காத பாகங்கள் நிறைய இருக்கு. நம்ம கேபிள்ல இருக்கிறது அதைப்போல 45 மடங்கு. கழட்டி வெச்ச பிளக்கை செட்டுல சொருகுற நொடியில அத்தனையும் ரிசீவரோட முதல் டிரான்சிஸ்டர் மேல இறங்கும். சில நேரம் அது முழுசா சாகாது. பக்கத்து ஸ்டேஷன் கேட்கும், தூரத்து ஸ்டேஷன் கேட்காது. இந்த அரைகுறைச் சாவுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம்.

தரையோட சேராத கம்பி எவ்வளவு ஆபத்துன்னு 1753லயே தெரிஞ்சிருக்கு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ரிச்மன்ங்கிற விஞ்ஞானி, மேகத்தோட மின்சாரத்தை அளக்க, வீட்டுக் கூரையிலிருந்து ஒரு கம்பியை எர்த் பண்ணாம உள்ள இழுத்து வெச்சிருந்தார். புயல் வந்தப்போ கருவியைக் குனிஞ்சு பார்த்தவர் அங்கேயே இறந்துட்டார். எர்த் இல்லாத டைபோலும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான்.

தீர்வு சில ரூபாய்தான். கேபிள் கட்டிடத்துக்குள்ள நுழையற இடத்துல நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் நடுவுல மொத்தம் 1 மெகா ஓம் வர்ற மாதிரி 2 வாட் ரெசிஸ்டர்கள் நாலஞ்சை வரிசையா சேர்த்துப் போடுங்க. ஷீல்டை எர்த்தோட இணைங்க. ஏறற சார்ஜ் ஏற ஏற வடிஞ்சிடும். மேல சொன்ன 2000 பிகோஃபாரட் காலியாக ஒரு சில மில்லி செகண்ட் போதும். 100 வாட்ல டிரான்ஸ்மிட் பண்ணும்போது 50 ஓம் லைன்ல 71 வோல்ட்தான் இருக்கும். ரெசிஸ்டர்ல வீணாகிறது 5 மில்லிவாட். சிக்னல் குறையுமோன்னு கவலைப்பட ஒண்ணுமில்ல.

கேஸ் டிஸ்சார்ஜ் ட்யூப் போட்டா போதாதான்னு சிலர் கேட்பாங்க. போதாது. 230 வோல்ட் ட்யூப் அந்த அளவைத் தாண்டினாதான் வேலை செய்யும், அதுக்குக் கீழ தேங்கி நிக்கிறதை அது தொடாது. பக்கத்துல மின்னல் விழுந்து திடீர்னு வர்ற எழுச்சிக்குத்தான் அது. ரெண்டும் வேணும். மேலேயே விழற மின்னலுக்கு ரெண்டுமே உதவாது. 30,000 ஆம்பியர்கிட்ட ரெசிஸ்டர் என்ன பண்ணும்? வானம் கறுக்கும்போதே கேபிளைக் கழட்டி, வெளியில எர்த்தோட சேர்த்துடுங்க. இடி கேட்ட பிறகு அதைத் தொடாதீங்க.

புயல் நாள்ல செட்டையே மூட்டை கட்டிடலாம்னா, அன்னிக்குத்தான் அது தேவைப்படுது. 2004 சுனாமியப்போ போர்ட் பிளேர்ல ஹாம் நிலையம் நடத்திட்டிருந்த பாரதி பிரசாத் குழு, உடனே அவசரத் தகவல் அனுப்பற வேலைக்கு மாறினாங்க. 2011 டிசம்பர் 30ல கடலூர் பக்கம் கரை கடந்த தானே புயல், மாவட்டத்தையே இருட்டாக்கிடுச்சு. அப்படி ஒரு காலையில காத்து ஓய்ஞ்சதும் செட்டைச் சொருகும்போது ரிசீவர் உயிரோட இருக்கணும்.

எர்த் விஷயத்துல உப்பு நமக்கு எதிரி. ஈரமான உப்பு மண்ணுல எர்த் நல்லாவே கிடைக்கும், ஆனா ஜிஐ பைப்புல செம்புக் கம்பியைச் சும்மா முறுக்கி விட்டா, ரெண்டு உலோகமும் சேர்ற இடம் அரிச்சு, பார்வைக்கு இணைப்பா இருக்கும், உள்ள அறுந்திருக்கும். ஹாஸ்டல் ஜன்னல் கம்பியை எர்த்னு நம்பாதீங்க. நீங்க போட்ட எர்த் ராடை வீட்டு எர்த்தோடயும் சேர்த்துக் கட்டணும், தனியா விட்டா ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் வரும்.

ஐப்பசிக்கு முன்னாடி, வானம் தெளிவா இருக்கிற ஒருநாள் பிளக்கைக் கழட்டி, பின்னையும் ஷெல்லையும் ஒரு தடவை ஷார்ட் பண்ணிட்டு மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. 1 மெகா ஓம் காட்டினா சரி. ஃபோல்டட் டைபோல், ஸ்லிம் ஜிம் மாதிரி ஆன்டெனான்னா பூஜ்யம் காட்டும், அதுவும் சரி. ஓப்பன்னு காட்டினா, சரி பண்ற வரைக்கும் செட்டுல சொருகாதீங்க.