குப்பிமேல் ஒரு சதுரம்

கைக்கு ஏற்ற மருத்துவம் – 7

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலையோரம் மருத்துவக் கல்லூரியின் பல மாடிக் கட்டடம் கண்ணை நிறைக்கும். ஆனால் ஒன்றரை மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போடச் சுற்றுவட்டாரத் தாய்மார்கள் பலர் தேடிப் போவது துணை சுகாதார நிலையத்தைத்தான். புதன்கிழமை ஊசி நாள்.

அன்று கிராம சுகாதார செவிலியரின் வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அட்டையில் வயதைச் சரிபார்க்க வேண்டும். சரியான குப்பியை எடுக்க வேண்டும். தட்டம்மை–ரூபெல்லா மருந்துப் பொடியை அதற்குரிய கரைப்பானில் கலந்து, கலந்த நேரத்தைக் குப்பியில் எழுத வேண்டும். நான்கு மணி நேரம் கடந்தால் கொட்டிவிட வேண்டும். ஊசி போட்டபின் பதிவேடு, கணினிப் பதிவு. இத்தனையும் குழந்தைகளின் அழுகைக்கு நடுவே.

இத்தகைய இடத்தில் ‘கவனமாக இருங்கள்’ என்ற அறிவுரைக்கு ஆயுள் குறைவு. பொருளே வழிகாட்ட வேண்டும் என்பதுதான் மனிதக் காரணிகள் இயலின் அடிப்படை. 1996-இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் வந்த வெப்பங்காட்டி அதற்கு அழகான உதாரணம். வட்டத்துக்குள் ஒரு வெளிர் சதுரம். வெப்பம் படப்பட அது கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் போடக்கூடாது. எந்த வழியில் எத்தனை வெயில் பட்டதென்று யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சும் இதே இனம். மறுபடி உபயோகிக்க நினைத்தாலும் முடியாது.

சதுரத்துக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைந்தால் கெட்டுவிடும். அதைச் சதுரம் காட்டாது. அதனால்தான் ஐஸ் பேக்கை உடனே தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்காமல் சற்று வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் சரி. தெர்மாமீட்டர் இல்லாமல் காதே அளந்துவிடுகிறது.

பொருள் வழிகாட்டாத இடத்தில் என்ன நடக்கும்? 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட 15 குழந்தைகள் இறந்தார்கள். கரைப்பானுக்குப் பதிலாக, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மயக்கவியல் மருந்து கலக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே குளிர்பெட்டியில் இருந்தன, குப்பிகளும் ஒன்றுபோலிருந்தன. தடுப்பூசிக் குளிர்பெட்டியில் வேறெந்த மருந்தும் வைக்கக்கூடாது என்ற விதியின் பெறுமதி அங்கே தெரியும். தவறான குப்பி பெட்டியிலேயே இல்லாவிட்டால், களைத்த கையும் அதை எடுக்க முடியாது.

குப்பியும் பெட்டியும் இப்படி வழிகாட்டினாலும், நம் பக்கம் மிச்சமிருக்கும் வேலை வேறு. என்ன ஊசி, என்ன பக்கவிளைவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள் என நான்கு செய்திகளைத் தாயிடம் சொல்ல வேண்டும். ஊசி போட்டவரே, அடுத்த குழந்தையைத் தூக்கியபடி சொல்வார். கட்டட வேலைக்கு வந்த ஒடியா, இந்தித் தாய்க்கு அதில் எவ்வளவு போய்ச் சேரும்? ஊசிக்குப்பின் அரைமணி நேரம் அங்கேயே உட்காரத்தான் சொல்கிறோம். அந்த அரைமணியில், படத்தையோ செல்போனில் பதிந்த குரலையோ வைத்து வேறொருவர் சொல்லலாம். காத்திருக்கும் தாய்மார்களின் பக்கம் அவருக்கு ஒரு நாற்காலி போட்டால் போதும். சுற்றறிக்கையில் இன்னொரு வரி சேர்ப்பதைவிட, அந்த நாற்காலி அதிகம் வேலை செய்யும்.

அடுத்த வாரம்: மருந்து கொடுக்கும் ஜன்னல்.

(தொடரும்)