உப்புக்காற்றும் மரப்பொருளும்

கப்பலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பெயர்களுள் மரக்கலம் என்பதும் ஒன்று. அப்பெயரின் பொருத்தத்தைத் தூத்துக்குடித் துறையில் நன்கு அறியலாம். கொழும்பு, மாலத்தீவு முதலிய இடங்களுக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணிகள் நெடுங்காலம் பாய்விரித்து ஓடின. பின்னர் அவற்றிற்குப் பொறி பொருத்தப்பெற்றது. எனினும் தோணியின் உடல் மரமாகவே இருந்தது. அதனைக் கட்டும் தச்சர், பலகைக்கும் பலகைக்கும் இடைப்பட்ட இடுக்கிற் பஞ்சினைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசி அடைப்பர். இதற்குக் கலப்பற்று என்று பெயர். இவ்வாறு அடைத்த தோணியும் கரையில் நெடுநாள் வெயிலிற் கிடப்பின் பலகைகள் சுருங்கும். இடுக்குகள் வாய் திறக்கும். மீண்டும் நீரில் இறக்கிய சில நாளிற் பலகைகள் நீரை உண்டு பருத்து ஒன்றையொன்று நெருக்க, நீர் புகும் வழி அடைபடும். பாய்க்கப்பற் காலத்து மாலுமிகள் மேல்தளத்தைக் கடல்நீர் விட்டுக் கழுவி வந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

ஆனால் கடலின்மேல் மரத்திற்குத் துணையாகும் நீர், வீட்டினுள் அதற்குப் பகையாகின்றது. கதவு, நிலை, மாடிப்படி, பலகை பாவிய மச்சு, கட்டில், ஊஞ்சல், அலமாரி ஆகியவற்றிற்குப் பருத்து நெருக்கும் வேலை இல்லை; வடிவு மாறாது நிற்பதே அவற்றின் வேலை. இவ்வேறுபாட்டை அறியாது, கல்தளத்தைக் கழுவுவது போலவே மரத்தளத்தையும் குடம் குடமாக நீர் ஊற்றிக் கழுவுவோர் உளர். அழுக்கு அன்றே நீங்கும். மரம் சில ஆண்டுகளில் நீங்கும்.

நீரால் மரம் பருப்பது எவ்வாறு? மரத்தின் உடல் நுண்ணிய குழல்களின் தொகுதி. அக்குழல்களின் சுவர்கள் ஈரத்தை உண்டு தடிக்கும், உலருங்கால் மெலியும். பச்சைத் தேக்கு முற்றும் உலரும்பொழுது அகலவாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு வரையிற் சுருங்கும். நீளவாட்டிலோ ஆயிரத்திற்கு ஒன்றிரண்டு பங்கே சுருங்கும். ஆதலின் கதவின் உயரம் மாறாது, அகலமே மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையிற் கதவு நிலையோடு இறுகிக்கொள்ள, வீட்டார் தச்சரை அழைத்து இழைப்புளியாற் சீவுவிப்பர். பங்குனி வெயிலில் அக்கதவு சுருங்கி, இடுக்கின் வழியே தெருவின் ஒளி உள்ளே வரும். மழைக்காலத்திற் கதவைச் சீவுதல் ஆகாது என்பதைத் தேர்ந்த தச்சர் தாமே கூறிவிடுவர்.

புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் வகுக்கின்றது. இந்நெறிப்படி, தென்பாண்டிச் சீமையெங்கும் நிற்கும் பனை புல்லேயாகும். மரங்களில் வயிரத்தைச் சூழ்ந்துள்ள மென்பகுதிக்கு வெளிறு என்று பெயர். ஈரம் தங்குமிடத்திற் பூஞ்சையும் கறையானும் முதலிற் பற்றுவது வெளிற்றையே. தளம் கழுவிய நீர் நிலைக்காலின் அடியிலும் கட்டிற்காலின் அடியிலும் தேங்கினால், குழல்களின் திறந்த முனை வழியே அது மேலேறும். பழைய வீடுகளில் நிலையின் மேற்பகுதி புதுமை குன்றாதிருக்க, அடி மட்டும் உளுத்திருப்பதற்குக் காரணம் இதுவே. பெட்டி, கட்டில் முதலியவற்றின் கால்களுக்குக் கீழே கல்லோ ஓடோ வைக்கும் பழக்கம் பொருளற்றதன்று.

தூத்துக்குடியின் தனி இடர் உப்பாகும். இந்தியாவில் உப்பு விளைவிப்பதிற் குசராத்திற்கு அடுத்த இடத்தைத் தமிழ்நாடு பெற்றிருப்பதற்கு இந்நகரைச் சூழ்ந்த உப்பளங்கள் பெருங்காரணம். கடலலை சிதறுங்கால் எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத்துகளாகி, திறந்த சன்னல் வழியே வீட்டினுட் புகுந்து படிகின்றன. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்னும் அளவை எட்டியதும் தூய உப்பு நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்போடு கலந்துள்ள மக்னீசியக் குளோரைடு அதனினும் மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியும். துடைக்காத மேசை விடியற்காலையிற் பிசுபிசுப்பதும், அலமாரியின் ஆணி துருவேறிப் பருத்துப் பலகையைப் பிளப்பதும் இதனாலேயே. உள்நாட்டூரில் மரத்தைத் துடைப்பது அழகுக்காக இருக்கலாம். கடற்கரையூரில் அது மரத்தின் ஆயுளைப் பற்றியது.

உப்போடு மணலும் வரும். ஆனி, ஆடித் திங்களில் வீசும் மேல்காற்று திருச்செந்தூர், சாத்தான்குளப் பக்கத்துத் தேரிகளின் செம்மணலை வாரி எறியும். மணற்பருக்கை மரத்தினும் அதன்மேற் பூசிய மெருகினும் கடினமானது. அதன்மேல் ஈரத்துணியை வைத்துத் தேய்த்தால் அத்துணி தச்சரது உப்புத்தாளாகிவிடும். (அத்தாளுக்குப் பெயரில் மட்டுமே உப்பு உண்டு, அதில் ஒட்டியிருப்பவை மணல் போன்ற கடுந்துகள்கள்.) ஆகவே முதலில் வேண்டுவது நீரன்று. பூந்துடைப்பத்தாலோ மென்மயிர்த் தூரிகையாலோ மேலிருந்து கீழாகத் தூசியை அகற்ற வேண்டும். சித்திர வேலைப்பாடுள்ள கதவாயின் குழிவுகளில் தூரிகையே செல்லும், துணி செல்லாது.

தூசி அகன்றபின், மெல்லிய பருத்தித் துணியை நீரில் தோய்த்து, ஒரு சொட்டும் வடியாதபடி முறுக்கிப் பிழிந்து, மரவரி ஓடும் வாட்டத்திலேயே துடைக்க வேண்டும். அந்நீர் நன்னீராக இருத்தல் வேண்டும். கடற்கரைப் பகுதிக் கிணறுகள் பல உவர்ப்பானவை. அந்நீராற் துடைப்பது உப்பை அகற்றி உப்பைப் பூசுவதேயாகும். வல்லநாட்டிலிருந்து குழாய்வழி வரும் பொருநை நீர் இதற்கு ஏற்றது. துணி எடுத்த உப்பு நீரிற் கரைவதால் நீரை அடிக்கடி மாற்றவும் வேண்டும். ஈரத்துணி சென்ற வழியே உலர்துணி உடனே செல்லுமாயின் மரம் நீரை உண்ணுவதற்கு நேரமிராது. சப்பான் நாட்டுப் பள்ளிகளில் மாணவர் நன்கு பிழிந்த துணியைப் பலகைத் தளத்தில் இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையிற் குனிந்தபடியே ஓடித் துடைப்பர். அங்கு அது பணியாளர் வேலையாகக் கருதப்படுவதில்லை.

பிசுக்கு ஏறிய இடத்திற்கு நீர் மட்டும் போதாது. ஆனால் வேறு பொருளைத் தொடுமுன், மரத்தின்மேல் உள்ள பூச்சு யாது என அறிதல் இன்றியமையாதது. மறைவான இடத்தில் ஒரு துளி நீரை இட்டுப் பார்க்கலாம். துளி பரவி உட்சென்று கருநிறக் கறை காட்டினால் அது பூச்சற்ற மரம். துளி முத்துப்போல் நின்றால் பூச்சு உண்டு. பழைய நாற்காலி, மேசைகளிற் பெரும்பாலும் காணப்படும் மெருகு அவலரக்கினால் ஆனது. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளிற் சுரந்து வைக்கும் பொருளை உருக்கி, அவல்போல் தட்டையாக்கி, எரிசாராயத்திற் கரைத்துப் பூசுவர். சாராயத்திற் கரைந்தது சாராயத்தாலேயே கலையும். நறுமணத் தைலம் சிந்தினால் மேசையின் மெருகு அவ்விடத்திற் கரைந்துவிடுவது இதனால்தான். சூடான பாத்திரத்தை வைத்தால் அரக்கு வெண்மையாகப் பூத்துவிடும். அதனைச் சுரண்டித் தேய்ப்பதினும், காற்றோட்டத்தில் சில நாள் உலரவிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

அரக்கு மெருகிற்கும் எண்ணெய் வண்ணப்பூச்சிற்கும் பொதுவான பகை காரமாகும். சலவைச் சோடா கலந்த வெந்நீராற் கதவைத் தேய்த்தால் அழுக்கோடு வண்ணமும் கையோடு வரும். ஆளிவிதை எண்ணெயைக் கொண்டு ஆக்கிய பூச்சைக் காரம் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடுவதே அதற்குக் காரணம். பூச்சற்ற தேக்கும் காரம் பட்டாற் கருக்கும். இக்கடற்கரை விளைவிக்கும் உப்பே சாகுபுரத்துத் தொழிற்சாலையில் எரிசோடாவாக மாறுகின்றது என்பது வியப்பிற்குரியது. அவ்வெரிசோடா மரத்தை மட்டுமன்றிக் கையையும் கண்ணையும் எரிக்கும். வெதுவெதுப்பான நீரிற் சிறிதளவு மென்சோப்பைக் கரைத்து, அதிற் பிழிந்த துணியாற் துடைத்து, பின் நன்னீர்த் துணியால் ஒற்றி எடுப்பதே வண்ணம் பூசிய கதவு, சன்னல்களுக்குப் போதுமானது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்பொழுது தெறிக்கும் சுண்ணாம்பும் காரமே. தரையில் தாள் விரிப்போர் கதவை மூட மறந்துவிடுகின்றனர். தெறித்த சுண்ணாம்பை ஈரமாயிருக்கும்பொழுதே துடைத்துவிட வேண்டும்.

முற்காலத்தில் எழுதுமை ஆக்கக் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்தனர். கடுக்காயின் துவர்ப்பொருள் அன்னபேதியிலுள்ள இரும்போடு கூடிக் கருமையாகும். மரத்திலும் துவர்ப்பொருள் உண்டு. இரும்பு நாரினால் மரத்தைத் தேய்ப்போர், அடுத்த மழைநாளில் ஆங்காங்கே மையிட்டது போன்ற புள்ளிகளைக் காண்பர். நாரினின்று முறிந்த துணுக்குகளும் மரத்தின் துவரும் ஈரமும் கூடி அம்மையைத் தாமே ஆக்கிவிடுகின்றன. கதவிலுள்ள பித்தளைக் குமிழ்களைப் புளியிட்டுத் துலக்குவோரும், குமிழைச் சுற்றித் தாளை வெட்டி வைத்துக்கொண்டு துலக்குதல் நன்று.

பழைய வண்ணப்பூச்சில் வேறோர் இடர் மறைந்துள்ளது. நிறமும் உறுதியும் தரும்பொருட்டு வண்ணங்களிற் காரீயக் கூட்டுப்பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டில் விதி இயற்றப்பெற்று, 2017 நவம்பர் 1 முதல், வீட்டு வண்ணங்களிற் பத்து இலட்சம் பங்கிற்கு 90 பங்கிற்கு மேற் காரீயம் இருத்தலாகாது என வரையறுக்கப்பட்டது. அதற்கு முன் பூசிய கதவிலும் சன்னற்கம்பியிலும் அது மிகுதியாக இருக்கக்கூடும். அப்பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளாற் தேய்த்தாலோ தீயாற் சுட்டாலோ காரீயம் தூளாகவும் புகையாகவும் பரவும். தவழும் குழந்தையின் கையிலிருந்து வாய்க்குச் செல்லும் அத்தூள், அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவுக்குட்பட்டாற் தீங்கில்லை எனக் கூறத்தக்க ஓர் அளவும் அறியப்படவில்லை. ஆதலின் உதிரும் வண்ணத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அத்துணியை மீண்டும் பயன்படுத்தாது எறிந்து, உண்ணுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பூச்சை முற்றும் அகற்றும் வேலை மாணவர்க்கு உரியதன்று. அவ்வேலை நடக்கும் நாளிற் குழந்தைகள் அவ்வீட்டில் இல்லாதிருத்தலே தக்கது.

ஒரு பொருள் போதாதென இரண்டைக் கலப்பது மற்றொரு பேதைமை. வெளுக்கும் தூளோடு அமிலம் கலந்த கழுவுநீர் சேருமாயின் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். 1915-ஆம் ஆண்டிற் பெல்சிய நாட்டு ஈப்பர் போர்க்களத்திற் படைவீரரை மாய்க்க ஏவப்பட்டது இக்காற்றேயாகும். மூடிய அறையில் அதனைத் தாமே உண்டாக்கிக்கொள்வோர் இன்றும் இல்லாமலில்லை.

இறுதியாக, மெருகிற்கு இடும் எண்ணெய் பற்றியது. தேங்காயெண்ணெய் தடவிய மரம் அன்று மட்டும் பளபளக்கும். அது உலரா எண்ணெய். ஆதலின் உப்பையும் தேரி மணலையும் பற்றிக்கொண்டு சில நாளில் அழுக்குப் படலமாகும். மண்ணெண்ணெயாற் துடைப்போர், சமையலறையில் அடுப்பு எரிவதை மறந்துவிடலாகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று உலர்ந்து உறுதியான படலமாவதால் பூச்சற்ற மரத்திற்கு ஏற்றது. மெல்லியதாகத் தடவி, எஞ்சியதை ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஆனால் உலரும்பொழுது அவ்வெண்ணெய் வெப்பத்தை வெளியிடும். பரந்த பலகையில் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தாலோ வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே பெருகி, நெருப்புப் படாமலே துணி தீப்பற்றும். இவ்வாறு பற்றிய தீயினால் உலகிற் பல பட்டறைகளும் வீடுகளும் எரிந்துள்ளன. வேலை முடிந்ததும் அத்துணிகளைத் தனித்தனியே விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாதபடி வெளி முற்றத்துக் கொடியில் நிழலில் உலர்த்த வேண்டும். அல்லது நீர் நிறைந்த தகரப் பாத்திரத்தில் அமிழ்த்தி மூடி வைக்க வேண்டும். கொடியில் விரித்த துணி தகடுபோல் விறைத்தபின் அதில் வெப்பம் பிறவாது. அதன்பின் அதனைக் குப்பையில் இடலாம்.